ஐந்து தடவை ஓடிய ராணி

வெண்பாறைக் காட்டுக் குளம் கோடையில் வற்றிப்போனது. மிச்சம் ஒரே ஒரு குட்டை. அதற்காகக் குரங்குக் கூட்டமும் காட்டுப்பன்றிக் கூட்டமும் தினமும் மல்லுக்கு நின்றன.

பன்றிகள் முதலில் இறங்கினால் புரண்டு புரண்டு தண்ணீரைச் சேறாக்கிவிடும். அப்புறம் குரங்குக் குட்டிகள் நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான்.

"அடிதடி வேண்டாம்! சதுரங்கம் ஆடுங்க!" என்றது கரடி. "ஜெயிக்கிற கூட்டம் மழை வர்ற வரைக்கும் முதல்ல குடிக்கட்டும்!"

பாறையில் கரியால் கட்டம் போட்டார்கள். புங்கங்கொட்டைகள் சிப்பாய்கள் ஆயின. இரண்டு ராணிகளுக்கும் ஆளுக்கொரு விளாம்பழம்.

குரங்குகள் பக்கம் துள்ளன் உட்கார்ந்தது. போன வருஷம் நாலே நகர்த்தலில், அதுவும் ராணியை வைத்தே, முயலைத் தோற்கடித்த குரங்கு அது. அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை. எதிரே கோரையன் என்ற கிழட்டுப் பன்றி. வாயில் எந்நேரமும் ஒரு கோரைக்கிழங்கு.

"நிதானமா ஆடுங்க. நம்ம புள்ள காலையிலேர்ந்து தண்ணி குடிக்கல" என்றது துள்ளனின் மனைவி செவ்வாயி. குட்டி அதன் மார்பில் துவண்டு கிடந்தது.

"நீ குட்டைக்கிட்ட போய் நில்லு! இதோ முடிச்சிட்டு வர்றேன்!"

துள்ளன் ஒரு சிப்பாயை நகர்த்தியது. கோரையனும் ஒரு சிப்பாயைத் தள்ளியது. துள்ளன் அடுத்த நகர்த்தலிலேயே ராணியைப் பலகையின் ஓரத்துக்குப் பாய்ச்சியது. குரங்குகள் கிளைகளை உலுக்கி ஆர்ப்பரித்தன.

கோரையன் ஒரு குதிரையை வெளியே எடுத்தது, அவ்வளவுதான். துள்ளன் இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியது. உடனே கோரையனின் சிப்பாய் ஒன்று ராணியைக் குறுக்கே வெட்டும் கட்டத்தில் வந்து நின்றது.

"என்னது! ஒரு புங்கங்கொட்டை என் ராணியை வெட்ட வருதா?"

ராணி பின்வாங்கியது. அங்கே குதிரை பாய்ந்து வந்தது. ராணி பக்கத்தில் ஒதுங்கியது. அங்கே மந்திரி குறி வைத்தது. ராணி மறுபடி நகர்ந்தது. இன்னொரு சிப்பாய் நடுவில் புகுந்து மிரட்டியது. பயந்துபோன துள்ளன், ஐந்தாவது தடவையாக ராணியைத் தூக்கிப் பழைய கட்டத்திலேயே வைத்தது.

அப்போதுதான் அது பலகையை முழுசாகப் பார்த்தது. பார்த்ததும் வாய் பிளந்தது.

ராணி புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது! குதிரைகள் எழுந்திருக்கவே இல்லை! மந்திரிகள் அசையவே இல்லை! எதிரே கோரையனின் குதிரை, மந்திரி, மூன்று சிப்பாய்கள் எல்லாம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டன!

"ஐயோ! இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று அலறியது துள்ளன்.

"நீ ராணியை வச்சு ஓடிக்கிட்டே இருந்தே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான் ஒரு ஆளைக் கூப்பிட்டேன்" என்றது கோரையன். சொல்லிக்கொண்டே இன்னொரு மந்திரியால் ராணிக்குக் குறி வைத்தது.

ராணியை மறைக்க, துள்ளன் ஒரு குதிரையை அவசரமாக ராஜாவின் முன்னால் நிறுத்தியது. ராஜாவுக்கு இருந்த ஒரே வழியும் அதோடு அடைந்தது.

கோரையனின் குதிரை ஒரே தாவு தாவியது.

"ராஜாவுக்குச் செக்!"

அந்தக் குதிரையை வெட்ட ஆளில்லை. ராஜா எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் சொந்த ஆட்களே அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஓட ஒரு கட்டம்கூட இல்லை.

"ஆட்டம் முடிஞ்சுது! பன்றிக் கூட்டம் ஜெயிச்சாச்சு!" என்றது கரடி.

பன்றிகள் பாறையிலிருந்தே குட்டைக்குள் குதித்தன. கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்ணீர் சேறானது. கரையில் காத்திருந்த செவ்வாயியின் முகத்திலும் அந்தச் சேறு தெறித்தது.

அது முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. "எட்டே எட்டு நகர்த்தல்ல தண்ணியே போச்சா? மழை வர்ற வரைக்கும் என் புள்ள இதையா நக்கும்?" என்று கேட்டது.

குட்டி மெல்லக் கையை நீட்டி, அம்மாவின் கன்னத்தில் இருந்த சேற்றைத் தொட்டு நக்கியது.

கூட இருப்பவர்களை எல்லாம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பலசாலி ஒருவரை மட்டும் முந்தி அனுப்புகிறவன், அவரை ஓட ஓட விரட்டவிட்டு, கடைசியில் காரியத்தையும் கோட்டை விடுவான்.