எது நிலைக்கும்?

"எது நிலைக்கும்னு மட்டும் சொல்லுங்க பிளாரன்ஸ். அதுலயே எழுதிடறேன்."

தணிகாசலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக மென்பொருள் எழுதுகிறவர். பிளாரன்ஸ் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். இப்போது சிக்கலென்று வருகிறவர்களெல்லாம் அவள் வீட்டுப் படிதான் ஏறுகிறார்கள். அவரும் ஏறி வந்திருந்தார்.

அவர் மனைவி அம்சவேணிக்கு நரம்பு நோய். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் அது அடியோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் சொற்களை அவள் குரலிலேயே பதிந்து, விரலால் தொட்டால் பேசுகிற மென்பொருள் ஒன்றைச் செய்து தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"எதுல ஆரம்பிச்சீங்க சார்?"

"லினக்ஸ்ல. அதுதான் நியாயம்னு பட்டுது. யாரும் நம்மகிட்டேயிருந்து பிடுங்கிக்க முடியாது."

"அப்புறம்?"

"அவளுக்குப் பழக்கம் விண்டோஸ். அதுக்கு மாத்தினேன். படுத்த வாக்குல தொடணும்னா போன்தானே வசதி? ஆண்ட்ராய்டுக்குப் போனேன். அதுல வருஷத்துக்கொரு தடவை எல்லாத்தையும் மாத்தறாங்க. திரும்ப லினக்ஸ்."

"சுத்தி வந்து கோயில் வாசலுக்கே வந்துட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"நான் சின்ன வயசுல எழுதினது ஒண்ணுகூட இன்னிக்கு ஓடாது. எழுதின தளமே செத்துப்போச்சு. அவ குரலையும் அப்படி ஒண்ணுல வெச்சுப் புதைக்கணுமா?"



"பந்தலையே பிரிச்சுப் பிரிச்சுக் கட்டிட்டிருக்கீங்க. கல்யாணப் பொண்ணு எங்க சார்?"

"புரியலை."

"உங்க மென்பொருள் பேசப்போற முதல் வார்த்தை என்ன?"

"அது... பதியணும். தளம் முடிவாகட்டும்னு இருக்கேன்."

"அவங்ககிட்டயே இப்பவே கேளுங்க."

"இப்பவா?"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

அவர் வீட்டுக்கு அழைத்து, போனை மேசைமேல் வைத்தார். பிளாரன்ஸ் தன் போனையும் எடுத்து, ஏதோ தட்டி, அதன் பக்கத்தில் வைத்தாள்.

மகள் கார்குழலி எடுத்தாள்.

"அம்மாகிட்ட குடும்மா."

மூச்சுச் சத்தம் கேட்டது.

"வேணி, நான்தான். ஏதாவது சொல்லேன்."

சேற்றில் கால் இழுபடுவதுபோல ஒரு ஒலி வந்தது.

"என்ன?"

மறுபடி அதே ஒலி.

"சரியாக் கேக்கலை வேணி. சிக்னல் இல்லைபோல."

மூன்றாவது முறை இன்னும் மெலிந்து வந்தது. மகள் குறுக்கிட்டாள்.

"தயிருங்கறாங்கப்பா. வரும்போது வாங்கிட்டு வரணுமாம். சிக்னல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"இப்படியா பேசறா? எப்போலேர்ந்து?"

"ஆடி மாசத்துலேர்ந்து இப்படித்தான். உங்களுக்கு எங்க தெரியும்? ஹெட்போனை எப்பக் கழட்டினீங்க?"

அவருக்குத் தன் அறை வாசல் நினைவுக்கு வந்தது. வேணி அங்கே வந்து நிற்பாள். அவர் திரையிலிருந்து கண் எடுக்காமல், ஒரு நிமிஷம் என்று கையை மட்டும் உயர்த்துவார். திரும்பும்போது அவள் இருக்கமாட்டாள். பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வார்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா."

"முடியாதுப்பா. அசந்துட்டாங்க."

அழைப்பு முடிந்தது.

பிளாரன்ஸ் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"இதை எந்தத் தளத்துல வைக்கலாம் சார்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். வெறும் மூச்சுதான் வந்தது.