விசாரிக்கக் கூடாத நாள்

"அவனுக்கும் கொடுக்கச் சொல்கிறதா உங்கள் சட்டம்?"

ஆசிரியரின் வீட்டுக்குள் வந்த ஆன்ஷெல் உட்காரவில்லை. நின்றபடியேதான் கேட்டார்.

குதிரைச் சேணம் தைப்பவர் அவர். ஐம்பது கடந்தவர். தன்னைவிட இருபது வயது இளையவரான யூத மதகுரு ரபி ஸிம்ஹாவிடம் ஆறு வருடமாக யூதச் சட்டம் படிக்கிறார். இதுவரை ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

அன்று பூரிம் பண்டிகை. பழங்காலத்தில் கூண்டோடு அழிய இருந்த யூதர்கள் பிழைத்த நாள். அன்றைக்கு விருந்து உண்டு, குடி உண்டு, ஏழைகளுக்குக் கொடை உண்டு. கை நீட்டுகிறவன் யார், உண்மையிலேயே இல்லாதவனா என்றெல்லாம் அன்று விசாரிக்கக் கூடாது. நீட்டிய கையில் கொடுக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

ஜெப ஆலய வாசலில், ஊர் சேர்த்த கொடைப் பையிலிருந்து ஆன்ஷெல்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஸுண்டெல் வந்து நின்றான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ரஷ்ய ஜார் மன்னரின் ராணுவத்துக்கு ஊருக்கு இத்தனை பிள்ளைகள் என்று தர வேண்டியிருந்தது. பணக்காரர் பிள்ளைகள் தப்பினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்க ஊர்ச் சபையே கூலிக்கு ஆள் வைத்தது. அந்த ஆள்தான் ஸுண்டெல். ஆன்ஷெலின் மகன் பெரெட்ஸை ரொட்டிக்கடை வாசலில் வைத்துத் தூக்கிப் போனான். அப்போது பிள்ளைக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை.

இப்போது ஸுண்டெலுக்குப் பாதிப் பார்வை போய்விட்டது. காலில் செருப்புக்குப் பதில் சாக்குத் துணி.

"கொடுத்தீர்களா?" என்றார் ரபி.

"கேட்டேன். என் பிள்ளை எங்கே என்று கேட்டேன்."

"என்ன சொன்னான்?"



"எந்தப் பிள்ளை என்றான்."

மேசைமேல் இருந்த ரபியின் கை மெல்ல முஷ்டியாக இறுகியது.

பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னார் ஆன்ஷெல். அந்தக் கையில் போடச் சொல்லும் சட்டம் என்றால், இன்றோடு படிப்பு முடிந்தது, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றும் சொன்னார்.

ரபி சமாதானம் சொல்லவில்லை. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்துக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு, மேலங்கிகூடப் போடாமல் பனிச் சேற்றில் இறங்கி நடந்தார். ஆன்ஷெல் பின்னால் போனார்.

ஸுண்டெல் வாசலிலேயே நின்றிருந்தான். அவனை யாரும் நெருங்கவில்லை. படிமேல் ஊர்ச் சபைப் பெரியவர்கள் ரோமச் சால்வைகளோடு நின்றார்கள்.

ரபி ரொட்டியை அவன் கையில் வைத்தார். அவன் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தான்.

"வாழ்த்தாதே," என்றார் ரபி. அவர் முகம் வெளுத்திருந்தது. "உன்மேல் இரங்கி நான் கொடுக்கவில்லை. இன்று உன்னை எதுவும் கேட்கக் கூடாது, அதனால் கொடுக்கிறேன். சாப்பிடு."

அவன் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நாளைக் காலையில் இங்கே வா. நாளைக்குக் கேட்கலாம். உன்னைக் கேட்போம். உனக்குக் கூலி கொடுத்தவர்களையும் கேட்போம்."

படிமேல் சலசலப்பு. சபைத் தலைவர் இறங்கி வந்தார். பழைய கதை, பண்டிகை நாளில் எதற்கு இதைக் கிளற வேண்டும் என்றார்.

"பண்டிகை நாள் என்பதால்தான் நாளைக்கு என்றேன்," என்றார் ரபி.

ஸுண்டெலின் இன்னொரு கை, பழக்கத்தால், ஆன்ஷெல் நின்ற பக்கம் நீண்டது.

ஆன்ஷெல் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையை அவிழ்த்து, ஒரு நாணயத்தை எடுத்து, அதில் வைத்து அழுத்தினார்.

"பெயர் பெரெட்ஸ்," என்றார். "விடிவதற்குள் ஞாபகப்படுத்திக்கொள்."