முதல் குடம் யாருக்கு?

ராஜாக்கள் யானைமேல் போய்க்கொண்டிருந்த காலம். ஓடைகள் மட்டும் அன்றைக்கும் மனிதர்கள் கையில் மாட்டிக்கொண்டு முழித்தன.

ஆவரம்பட்டிக்கு ஒரே ஓடை. மேலத்தெருவில் நுழைந்து, நடுத்தெருவைத் தொட்டு, கீழத்தெருவில் முடியும். மூன்று தெருவும் குடிப்பது அதைத்தான், குப்பை கொட்டுவதும் அதில்தான். என்னத்தைச் சொல்ல!

பங்குனித் திருவிழாவுக்கு ஏழு நாள் இருந்தது. பாடசாலை வாத்தியார் சாத்தப்பனார் மாணவர்களைத் தெருவுக்கு ஒரு கூட்டமாகப் பிரித்தார். "அவரவர் தெரு ஓடையை அவரவர் தூர்வாருங்கள். முதலில் முடிப்பவர்கள் அம்மனுக்கு முதல் குடம் எடுக்கலாம்" என்றார்.

முதல் மரியாதை என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மேலத்தெருக் கூட்டத்துக்குத் தலைவன் நல்லான். சேற்றைக் கூடையில் அள்ளிக் கரையேற்றினால் நாளாகும் என்று மண்வெட்டியால் கீழே தள்ளிவிட்டான். இரண்டே நாளில் வேலை முடிந்தது. நடுத்தெருப் பிள்ளைகளும் பார்த்தார்கள், தள்ளினார்கள். வாத்தியாரோ வேலை முடிந்த வேகத்தைப் பார்த்தார், சேறு போன இடத்தைப் பார்க்கவில்லை.

கீழத்தெருப் பிள்ளைகள் அள்ளினார்கள், விடிந்தால் நிறைந்தது. மறுபடி அள்ளினார்கள், மறுபடி நிறைந்தது. மூன்றாம் நாள் அவர்களில் காத்தாயி என்ற பெண்ணை வேலைக்குக் காணோம். பாவம், அந்தத் தண்ணீரைக் குடித்து அவள் தம்பி வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான்.

திருவிழா வந்தது. மேளம் முழங்க, கழுத்தில் மாலையோடு நல்லான் குடத்தைத் தூக்கினான். ஆனால் அம்மனுக்கு நீர் மொள்ளும் படித்துறை இருப்பது கீழத்தெருவில்! முந்தும் அவசரத்தில் அந்தப் பயலுக்கு அது உறைக்கவே இல்லை.

படித்துறையில் அவன் தள்ளிய சேறு முழங்கால் ஆழத்துக்கு நாறிக் கிடந்தது. மேளம் நின்றது. காத்தாயி தம்பிக்காக அந்தத் தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"மொண்டுக்கோ அண்ணே. நாங்க தினமும் குடிக்கிறதுதான்" என்றாள்.

நல்லான் குடத்தைக் கீழே வைத்தான். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினான். அவனைப் பார்த்து மேலத்தெரு இறங்கியது, நடுத்தெரு இறங்கியது. கூடை கூடையாக அள்ளி, தூரத்து வயல்களில் எருவாகக் கொட்டினார்கள். அந்தி சாயும்போது தண்ணீர் தெளிந்தது.

நல்லான் குடத்தை நிறைத்தான். ஆனால் கோயிலுக்குப் போகாமல் காத்தாயி வீட்டைப் பார்த்து நடந்தான்.

"டேய், அம்மன் காத்திருக்கிறாளடா!" என்று பூசாரி பதறினார்.

"ஆத்தா பொறுப்பா சாமி. பிள்ளை பொறுக்காது."

பூசாரி விலகி வழிவிட்டார். அந்தப் பிள்ளை மடக்கு மடக்காகக் குடித்தான்; மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தான்.

கேட்டீர்களா? தன் வாசல் அழுக்கை அடுத்தவர் வாசலில் தள்ளுவது சுத்தமல்ல, பாவம்.