கொசுவலைச் சாமி

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் மரகதம் என்ற பெண் துறவி. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான். அம்மாவோ மூத்த சீடர்களை அண்ணா என்று கூப்பிடுவார்.

அங்கே செல்லமுத்து என்று ஒரு சீடர். முன்பு லாரி ஓட்டியவர். மனைவி பாவாயியை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருடத்துக்கு முன் மடத்தில் வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து தனித் தட்டு, தனி டம்ளர். தன் துணியை யாரையும் தொட விடமாட்டார். பகலில்கூடக் கொசுவலைக்குள்தான் உட்கார்ந்திருப்பார்.

மற்ற சீடர்களுக்கு வயிற்றெரிச்சல். இப்பேர்ப்பட்ட வைராக்கியம் தங்களுக்கு வரவில்லையே என்று ஆளுக்கொரு டம்ளர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் கொசுவலையும் வாங்கினார். கொசுவை அடிக்க மனம் வராமல் வலைக்குள் இருக்கும் மகான் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. வெள்ளிக்கிழமைகளில் கொசுவலைச் சாமியிடம் திருநீறு வாங்கக் கூட்டம் வந்தது. அவர் திருநீற்றுத் தட்டை மட்டும் வலைக்கு வெளியே தள்ளிவிடுவார். அதையும் பெரிய அருளாக எடுத்துக்கொண்டார்கள். நம் சனத்துக்கு ஒருவர் ஒதுங்கி உட்கார்ந்தால் போதும்.

ஒரு நாள் காலை செல்லமுத்து தன் காப்பியைக் கையில் பிடித்தபடி அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, எனக்குச் சீக்கிரமாக் காவி கொடுத்துருங்க."

"என்ன அவசரமுங்ண்ணா?"

"எனக்கு நாள் அதிகம் இல்லீங்க."

"யாரு சொன்னாங்க?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். லாரியில் போன காலத்தில் அவரும் கூட்டாளி ராசப்பனும் பெண்களைத் தேடிப் போகாத இடமில்லை. ராசப்பன் எய்ட்ஸ் வந்து இறந்துபோனார். அடுத்தது தான்தான் என்று செல்லமுத்துவே முடிவு கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

"டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க? அதுதான் தெரியுமுங்களே."

"அப்போ அந்தக் கொசுவலை?"

"என்னைக் கடிச்ச கொசு இன்னொருத்தரைக் கடிச்சா பாவமில்லீங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மூன்று வருடமாக ஒரு மனிதர் இப்படிப் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேண்டாமுங்க. தெரிஞ்சு என்ன பண்றது? இப்படியே நிம்மதியா இருந்துட்டுப் போறேன்."

"யாரு நிம்மதியா இருக்கறது, கொசுவா?"

செல்லமுத்து திரும்பி நடக்கப் பார்த்தார். அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, உதடு படும்படி ஒரு வாய் காப்பி குடித்தார்.

செல்லமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்னங்கம்மா பண்ணிட்டீங்க, அது என் டம்ளருங்க."

"அப்படீங்களா? சக்கரை கம்மி."

அடுத்த பஸ்ஸிலேயே அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார் செல்லமுத்து. தலை சுத்துதுங்களா, காய்ச்சல் அடிக்குதுங்களா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நம்பிக்கை மையம் என்று பலகை போட்ட எச்.ஐ.வி. பரிசோதனை அறையில் ஷகிலா என்ற ஆலோசகர் இருந்தார்.

"மேடம், இவங்களுக்கு உடனே பாருங்க. என் டம்ளர்ல காப்பி குடிச்சுட்டாங்க."

"காப்பி குடிச்சா எச்.ஐ.வி. வராதுங்க. தட்டு, டம்ளர், தொட்டுப் பேசறது, கொசு, எதுலயும் வராது."

"கொசுவுலயுமா?"

"கொசுவுலயும்தான். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடறது, கிருமி இருக்கற ரத்தத்தை ஏத்தறது, தாய்கிட்டேருந்து குழந்தைக்கு. இப்படித்தான் வரும். வந்தது வந்துட்டீங்க, உங்களுக்குப் பாத்துரலாமா?"

செல்லமுத்து வாசலைப் பார்த்தார். அம்மா தன் கையை நீட்டினார்.

"மொதல்ல எனக்கு எடும்மா. அண்ணனுக்கு ஊசின்னா பயம்."

அதற்கப்புறம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் காத்திருந்தார்கள். திருநீறு வாங்க வருகிற பெண் ஒருத்தி அந்தப் பக்கம் போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"சாமி, நீங்க எங்க இங்க?"

"சாமிக்கும் ரத்தம்தானம்மா ஓடுது," என்றார் அம்மா.

முடிவு வந்தது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. செல்லமுத்துவை ஷகிலா தனியாகக் கூப்பிட்டார். அம்மாவும் வரட்டும் என்றார் செல்லமுத்து. மூன்று விதமாகச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். கிருமி இருப்பது உறுதி.

செல்லமுத்து அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளுங்க இருப்பேன்?"

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா, மத்தவங்க மாதிரி வயசாகித்தான் போவீங்க. இங்கயே இலவசமாத் தர்றோம். தினமும் ஒரே நேரத்துல போடணும். ஒரு நாளும் விடக் கூடாது, ஆயுசுக்கும். டெஸ்ட்டுல தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கி, அப்படியே இருந்துச்சுன்னா, உடலுறவுல உங்ககிட்டேருந்து பரவாது."

செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை கட்டுப்பாடு மடத்துலகூட இல்லீங்களே."

"வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பாக்கணும்," என்றார் ஷகிலா.

செல்லமுத்து எழுந்து வெளியே வந்துவிட்டார். அம்மா பின்னாலேயே வந்தார்.

"பாவாயி நல்லாத்தான் இருக்காளாமுங்க, அம்மா. இப்போப் போயி எதுக்கு அவளைக் கலைக்கறது? அவ மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? எனக்குக் காவியைக் கொடுத்துருங்க. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, உங்க டம்ளர்ல நான் ஒரு வாய் காப்பி குடிச்சேன்."

"ஆமாங்க."

"அதுக்கு என்னை ஓட்ட ஓட்டமா இங்க கூட்டியாந்தீங்க. பாவாயி உங்ககூடக் குடும்பமே நடத்துனவங்க."