முகாசா கடைக்கு இடப்பக்கம் மூன்றாவது கேட்டு

கம்பாலா நகரத்தில் ஆணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த அந்த மூன்று கோவில்பட்டிக்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்குத் தெரியும், என்ன செய்ய!

சண்முகராசு, ஆவுடையப்பன், பொன்னுலிங்கம் மூவருக்கும் ஒரே வீடு. வந்த அன்றைக்கே மேனேஜர் சொல்லிவிட்டார்: "இந்த ஊர்ல வீட்டு நம்பர் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. முகாசாவோட சப்பாத்திக் கடையில இறங்கு, இடப்பக்கம் திரும்பு, மூணாவது கேட்டு. இதை மட்டும் மறந்துராதீங்க."

மறக்கவே இல்லை. மூன்று மாதமும் அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் சண்முகராசுவின் புதுப் பெண்டாட்டி செண்பகவல்லி ஊரிலிருந்து கிளம்பினாள். விமானம் ஏறுமுன் போனில் கறாராகச் சொன்னாள்: "இன்னைக்குச் சோறு நம்ம வீட்டுல, என் கையால. வீடு தெரியாம அலைய விட்டீங்க, அடுத்த பிளைட்டுலயே கோவில்பட்டி!"

சண்முகராசு "சரி, சரி" என்று போனுக்கே தலையாட்டினான். பாவம், அவள்மேல் அவனுக்கு உயிர்.

மூவருமாகப் போய் விமான நிலையத்திலிருந்து அவளை டாக்சியில் அழைத்து வந்தார்கள். அன்று பிற்பகல் நல்ல மழை. முகாசா தன் தள்ளுவண்டிக் கடையை உருட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்குள் ஒதுங்கியிருந்தான்.

"முகாசா! நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினான் பொன்னுலிங்கம்.

இறங்கினார்கள். இடப்பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது கேட்டுக்குள் நுழைந்தால், பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

"நம்ம வீட்டுல யாருக்குடே கல்யாணம்?" என்றான் ஆவுடையப்பன்.

"நாம ஏர்போர்ட் போன நேரம் பாத்து வச்சிருக்காங்க. கேட்டா கொடுத்திருக்க மாட்டோமா?"

"கட்டிலக் காணோமே."

"பந்திக்கு இடம் பத்தாதுன்னு வெளிய எடுத்துப் போட்டிருப்பாங்க."

கல்யாண வீட்டார் நல்ல மனிதர்கள். யார் எவர் என்று கேட்காமல் நாலு பேரையும் உட்கார வைத்து, வேகவைத்த வாழைக்காயும் கடலைக் குழம்பும் பரிமாறினார்கள். செண்பகவல்லி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான். முகாசா கடைக்கு இடப்பக்கம்..."

"அந்தக் கடைக்குச் சக்கரம் இருந்துச்சே, பாக்கலையா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சக்கரத்தை அவர்கள் தினமும்தான் பார்க்கிறார்கள். அது உருளும் என்று யாரும் சொல்லவில்லையே!

கடைசியில் அவளே முகாசாவிடம் சைகையில் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி முன்னால் போக, நாலு பேரும் பெட்டிகளோடு பின்னால் போனார்கள். பழைய மூலை வந்தது. சாவியும் பூட்டில் சேர்ந்தது. சண்முகராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செண்பகவல்லி உலை வைக்கும்போதே சொல்லிவிட்டாள்: "இனிமே அந்தக் கடை எங்கயும் போகாம பாத்துக்கிடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நான் கிளம்பிருவேன்."

மறுநாள் விடிந்ததும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"மழை வந்தா அவன் போயிருவான்."

"நனையாத இடம் வேணும்."

"நம்ம வீட்டுக் கார் ஷெட்டு சும்மாதானே கிடக்கு?"

முகாசாவுக்குக் கசக்குமா? வண்டியை உள்ளே உருட்டி, அடுப்பைப் பற்றவைத்தான். இனிமேல் புயலே அடித்தாலும் கடை நகராது. மூவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

சாயங்காலம் தொழிற்சாலை வேன் வழக்கமான மூலையில் இறக்கிவிட்டது. அங்கே கடை இல்லை.

"போச்சுடா! வேற தெருவுல இறக்கிவிட்டுட்டான்" என்றான் ஆவுடையப்பன்.

சண்முகராசுவின் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"செண்பகம், வீட்டைத்தான் தேடுறோம். நீ பாட்டுக்கு ஊருக்குக் கிளம்பிராத தாயி!"

"அட கடவுளே! மூணு பேரும் மூலையில நிக்கிறது எனக்குத் தெரியுது. கேட்டு வாசல்ல நின்னு கையாட்டுறேன், பாருங்க!"

சண்முகராசு பார்த்தான். "ஆமா, இங்கயும் ஒரு பொம்பள கையாட்டுது. அப்படியே உன்ன மாதிரியே இருக்கு. அதே பச்சைச் சேலை. போனும் வச்சிருக்கு. ஆனா இங்க முகாசா கடை இல்லியே, செண்பகம்!"

மூவரும் அந்தப் பெண்ணுக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெருவைத் தாண்டி நடந்தார்கள்.

"பாவம்டே," என்றான் சண்முகராசு, கண் கலங்கி. "அவ புருஷன் எந்த மடையனோ, இன்னும் வீடு வந்து சேரல போல."