கோவிந்தம்மாவின் கனகாம்பரம்

எதற்கெடுத்தாலும் கை தூக்கச் சொல்லி ஓட்டெடுப்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவர் வைத்தீஸ்வரனின் வழக்கம். அன்றைக்கு அது, குடியிருப்பைப் பெருக்குகிற கோவிந்தம்மாவின் தலையில் வந்து விடிந்தது.

"எல்லாரும் கை தூக்கிட்டாங்க. நாளையிலேர்ந்து நீ பூ வெச்சுட்டு வரக்கூடாது, லிஃப்ட்டெல்லாம் உதிருது. இஷ்டமில்லேன்னா வேலையை விட்டு நின்னுக்கோ."

உதிர்ந்ததைக் கூட்டுவதும் தான்தானே என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அத்தனை மாடிப் படியும் அப்போதுதான் கூட்டி முடித்திருந்தாள்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று ஒப்புக்குக் கேட்டபடியே தலைவர் எழுந்தார். ஒருநாளும் யாரும் வாய் திறந்ததில்லை.

"எனக்கு இருக்கு சார். நீங்க தலைக்கு அடிக்கிற டை லிஃப்ட் சுவரெல்லாம் ஒட்டுது. தேச்சுத் தேச்சு என் கை ஓஞ்சுபோச்சு. இனிமே அடிக்கக்கூடாதுன்னு ஓட்டு எடுக்கலாமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாரும் கை தூக்கினார்கள்.

"இது என் தலை! இதுல என்ன பூசணும்னு ஊரா முடிவு பண்றது?" என்று கத்தினார் தலைவர்.

"இதுவும் என் தலைதான் சார்" என்று அலுப்போடு சொல்லிவிட்டு, கோவிந்தம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைவர் மனைவியின் கை மட்டும் இறங்கவேயில்லை.