வெள்ளத்துக்கு முதுகு காட்டாத அயிரை

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைக்காத காலம் அது, கேளுங்கள். அடியில் கிடக்கும் கூழாங்கல் பளிச்சென்று தெரிய, ஓர் ஆறு பாய்ந்து ஓடியது. அந்த ஆற்றின் அடியில், ஒரு கல்லிடுக்கில், விரல் நீளம்கூட இல்லாத அயிரை மீன் ஒன்று தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது. இழுக்கும் தண்ணீருக்கு எதிரே முகம் வைத்துக் கல்லோடு கல்லாய் ஒட்டிக்கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை.

ஆறு கீழே இறங்கித் தேங்கும் மடுவில் ஒரு பெரிய வாளை மீன் ராஜாவாக இருந்தது. அது ஓர் உத்தரவு போட்டது. தினமும் விடிந்ததும், நாளுக்கு ஓர் இனமாக, மேலாற்று மீன்கள் மடுவின் பக்கம் திரும்பி ராஜாவைக் கும்பிட வேண்டுமாம்!

முதல் நாள் கெண்டைகள் திரும்பின. பின்னாலிருந்து தண்ணீர் மோதி, காலில்லாத மீன்களையும் கால் வாரிவிட்டது. உருண்டுபோய் ராஜாவின் வாயில் விழுந்தன. இரண்டாம் நாள் கெளிறுகள் திரும்பின. அவையும் போயின.

"போனவங்களுக்கு அரண்மனையில உத்தியோகம் கெடச்சிருச்சு, அதான் வரல" என்று மிச்சமிருந்த மீன்கள் பொறாமையில் பெருமூச்சு விட்டன. அடப் பாவிகளா!

மூன்றாம் நாள் அயிரையின் முறை. தண்டோரா போடும் நண்டு வந்தது.

"அயிரை, திரும்பு! ராஜா உத்தரவு."

"திரும்ப மாட்டேன். மடுவுல தண்ணி அசையாது, ராஜா எந்தப் பக்கமும் பாக்கலாம். இங்க நான் திரும்புனா எம் புள்ளைங்க அநாதை. போய்ச் சொல்லு."

நண்டு மடுவுக்கு ஓடிப்போய்ச் சொன்னது. வாளை கோபத்தோடு மேலேறி வந்தது. கல்லிடுக்கில் அதன் வாய் நுழையவில்லை. அயிரையின் பின்னால் நின்று உறுமியது.

"எனக்கே வாலைக் காட்டுறியா? முகத்தைக் காட்டு!"

அயிரை கல்லோடு இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது. கொஞ்சமும் அசையவில்லை.

"முகம் பாக்கணும்னா முன்னால வாங்க, ராஜா."

இத்தனை மீன்கள் பார்க்க, ஒரு பொடி மீனிடம் தோற்பதா? வாளை முன்னால் போய், அயிரையை முறைக்கத் திரும்பியது. அவ்வளவுதான். மலைத்தண்ணீர் அதைப் பின்னாலிருந்து புரட்டி எடுத்தது. ஆற்று வளைவில் இருந்த பாறைமேல் தூக்கி எறிந்தது. வெயிலில் துள்ளித் துள்ளி ராஜா அடங்கிப்போனது.

என்ன ஆயிற்று என்று பார்க்கக்கூட அயிரை திரும்பவில்லை.

தன்னைக் கவிழ்க்கும் கட்டளைக்கு, அது ராஜா கட்டளையே ஆனாலும், தலை திருப்பக் கூடாது.